பூட்ஸ் போட்ட ஆத்தா

ஒரு மழைக்காலம் முழுக்க, உப்பளத்தில் வேலை பார்க்கிற ஆறு பொம்பளைகள் சின்னப் பிள்ளைகளின் சீட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றோம். அதில் நானும் ஒருத்தி. வெட்கமெல்லாம் இல்லை. வெட்கப்படுகிறவளாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சீட்டு என்றால் ஆம்பளைகள் மரத்தடியில் ஆடுகிற சீட்டு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறார்களே, அந்த அட்டை. பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு பூதமோ மிருகமோ ராட்சசனோ இருக்கும். மேல் மூலையில் அதன் பலத்தை எண்ணாகப் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் அது என்ன செய்யும் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நிதானமாக. இங்கிலீஷ் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. எண் மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த அட்டைகள் எங்கள் கைக்கு வந்ததற்குப் பள்ளிக்கூடம்தான் காரணம். பாடம் நடக்கும்போது பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் அட்டை மாற்றிக்கொள்கிறார்கள் என்று டீச்சர் தாய்மார்களைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டிலேயே பிடுங்கி வைத்துவிடச் சொன்னார். அவர்களும் பிடுங்கினார்கள். பிடுங்கியதைத் தூக்கிப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

ஐப்பசி பிறந்துவிட்டது. மழை வந்தால் எங்களுக்கு வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும். விற்காத உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருப்பார்கள். காலியாகக் கிடக்கிற உப்புக் கொட்டகையில் மத்தியானம் நாங்கள் ஆறு பேரும் கூடுவோம். ஒருநாள், எங்களில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள் ஒருத்தி, மகனிடம் பிடுங்கிய அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கூடவே ஒரு தாள். ஆட்டத்தின் சட்டமெல்லாம் அதில் இருக்கிறதாம். பாதியைப் படித்துச் சொன்னாள். மீதியை அவளே கட்டிவிட்டாள் என்பது என் சந்தேகம். இன்றைக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

ஆட்டம் சுலபம். வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு இருபது அட்டை, ஏழு புளியங்கொட்டை. கொட்டைதான் உயிர். உனக்கு முன்னால் ஒரு அட்டையைக் காவலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உன் முறை வரும்போது இன்னொரு அட்டையை எடுத்து, யாரை அடிக்கிறாய் என்று சொல்லி வைக்க வேண்டும். அடிக்கிற அட்டையின் எண் பெரியதாக இருந்தால் எதிராளியின் காவல் போய்விடும், கூடவே ஒரு கொட்டையும் போய்விடும். கொட்டை தீர்ந்தால் எழுந்து போய் டீ வாங்கி வர வேண்டும். கடைசியில் உட்கார்ந்திருப்பவள் ஜெயித்தவள்.

முதலில் பொழுதுபோக்குக்குத்தான் ஆடினோம். அது வேறு விஷயமாக மாறியதற்கு என் முட்டிக்கால் ஒரு காரணம், மேஸ்திரியின் பானை ஒரு காரணம்.

எங்கள் அளத்தில் ஆறு வரிசைப் பாத்தி. மழை விட்டு வேலை தொடங்கும்போது யாருக்கு எந்த வரிசை என்பதை மேஸ்திரி பானையில் சிப்பி போட்டு எடுக்க வைப்பார். சிப்பிக்குள் கரியால் கோடு கிழித்திருக்கும். ஒரு கோடு வந்தால் முதல் வரிசை. ரோட்டோரம் உப்பைக் குவிக்கிற மேட்டுக்கும் அதற்கும் பத்தடி தூரம்தான். ஆறு கோடு வந்தால் ஆறாவது வரிசை. தலையில் உப்புக் கூடையோடு, ஒரு சாண் அகல வழுக்கு வரப்பில், ஐந்து வரப்பு தாண்டி நடந்து வர வேண்டும். எந்த வரிசை வந்ததோ அதுதான் அந்த வருஷம் முழுக்க.

என் வலது முட்டி இரண்டு வருஷமாக என் பேச்சைக் கேட்பதில்லை. ஆறாவது வரிசை வந்தால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இல்லையென்றால் யாரிடமாவது, "எனக்கு முடியலம்மா, மாத்திக்குடு" என்று கேட்க வேண்டும். போன வருஷமே கேட்காமல் கொடுக்க வந்தார்கள். "பெரிம்மா, வயசானவங்க, முதல் வரிசைய நீங்களே வச்சுக்குங்க" என்றாள் படித்தவள். "வயசு உங்கம்மாவுக்கு ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிப்பி எடுத்தேன். ஐந்து கோடு வந்தது. வருஷம் முழுக்க நடந்தேன். என்னை யாரும் பாவம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் பானைக்கு மதிப்புப் போய்விட்டது. மேஸ்திரியின் கொழுந்தியாளும் எங்கள் ஆறு பேரில் ஒருத்தி. மூன்று வருஷமாக ஒரு கோட்டுச் சிப்பி அவள் கையில்தான் வந்து ஏறியது. அது என்ன அதிசயம் என்று பார்த்ததில், அந்தச் சிப்பி ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது. விரலுக்குத் தெரியும்.

"இந்த வருசம் சிப்பியும் வேணா ஒண்ணும் வேணா. சீட்டுல ஜெயிச்சவளுக்கு முதல் வரிசை. மிச்ச அஞ்சுக்கு வேணா சிப்பி எடுத்துக்கலாம்" என்று ஒருத்தி சொன்னாள்.

சொன்னது என் சம்பந்தியம்மா. என் மகளைக் கட்டியவனின் தாய். என் வயசுதான், ஒரு மாசம் முன்னே பின்னே. அவளுக்கும் முட்டி வலி உண்டு. இடது முட்டி. எனக்கு வலது, அவளுக்கு இடது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் ஒரு முழு ஆள்.

அன்றிலிருந்து அட்டைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

முதலில் எல்லாருக்கும் மலைமுழுங்கி மேல்தான் ஆசை. அந்தப் பெயர் நாங்கள் வைத்தது, பிறகு பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். மலையைக் கடிக்கிற மாதிரி வாயைத் திறந்திருக்கும் ஒரு ராட்சசன். எண் இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. ஒரு மலைமுழுங்கிக்குப் பதிலாகப் பத்து அட்டை கொடுத்தோம். மாதா கோயில் தெருக்காரி ஒருத்தி எங்களோடு இருக்கிறாள். தன் மகன் தலையில் இரண்டு போட்டு ஒரு மலைமுழுங்கியைப் பிடுங்கி வந்தாள். நான் இரண்டு வைத்திருந்தேன். வீட்டில் அரிசிப் பானைக்குள் நகை மாதிரி ஒளித்து வைத்திருந்தேன்.

ஆனால் ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்தில் பெரிய பலம் ஒரு தொந்தரவு. மலைமுழுங்கியை எடுத்து வைத்த உடனே மற்ற ஐந்து பேரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அடுத்த ஐந்து அடியும் அவளுக்குத்தான். இருபது எண்ணை வைத்து ஒருத்தியை அடிக்கலாம், ஐந்து பேர் அடியை வாங்க முடியாது. மலைமுழுங்கி வைத்தவள்தான் முதலில் டீ வாங்கப் போவாள். தெருவில் புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு நடந்தவள் கதைதான். பத்தே நாளில் மலைமுழுங்கியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. ஒருத்தி அதை ஆடுகிற சட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. எண் வெறும் ஐந்து. ஆனால் காவலுக்கு வைத்தால், அதை அடிக்கிறவளுக்கும் ஒரு கொட்டை போகும். யார் அடிப்பார்கள்? ஆறு பேரும் ஆறு முள்ளம்பன்றியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஆட்டம் நகரவில்லை. "நீ அடியேன்", "நீ அடியேன்" என்று மரியாதை நடந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் தொடங்கிய ஆட்டத்தில் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஒரு கொட்டை போகவில்லை.

"இது சீட்டாட்டமா, துக்க வீடா?" என்றாள் மாதா கோயில் தெருக்காரி.

அப்போதுதான் சூறாவளிக்கு நேரம் வந்தது. அது பிள்ளைகள் வெகுநாளாகவே வைத்திருந்த அட்டை. அது யாரையும் தனியாகக் குறிவைக்காது. காவல் என்ன என்று பார்க்காது. வைத்தவள் உட்பட எல்லாரிடமும் ஒரு கொட்டையை வாரிக்கொண்டு போகும். முன்பு அதைச் சீண்ட ஆளில்லை, தன் கொட்டையையும் சேர்த்து யார் இழப்பார்கள்? முள்ளம்பன்றிக் காலத்தில் அதுவே பெரிய ஆயுதமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு முள்ளம்பன்றியைக் கொடுத்துச் சூறாவளி வாங்கினார்கள். அட்டை அதே அட்டைதான். எதிரில் இருப்பது மாறினால் கையில் இருப்பதற்கு மவுசு வருகிறது, போகிறது. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர அது திறந்திருக்கும் நேரத்தில் நான் உப்பு வாரிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆத்தா வந்தாள்.

மாதா கோயில் தெருக்காரி ஒருநாள் காவலுக்கு ஒரு புது அட்டையை வைத்தாள். எட்டுக் கை, தலைக்கு மேல் பாம்பு படம் எடுக்கிறது, கண் உருண்டை. எண் மூன்று. ஒரு தவளை அட்டை நான்கு, அதுவே இதை விழுங்கிவிடும். ஆனால் அடிக்க வேண்டியவள் மேஸ்திரி கொழுந்தியாள். அவள் கையில் எடுத்த அட்டையை அந்தரத்திலேயே நிறுத்தினாள்.

"ஐயோ, இது நம்ம ஆத்தா மாதிரி கீதே."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வைத்தவளுக்கே பயம் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுக்கா, பையன் கட்டுல இருந்துச்சு" என்றாள்.

அன்றைக்கு அவளை யாரும் அடிக்கவில்லை. சூறாவளி வந்தபோது இன்னொரு கேள்வி எழுந்தது. காற்று ஆத்தாவிடமும் கொட்டை வாருமா? சட்டத் தாளில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை என்றாள் படித்தவள்.

"தாள்ல இல்லன்னா இன்னா? ஆத்தா இருக்கற எடத்துல காத்து ஒதுங்கித்தான் போவும்" என்றாள் சம்பந்தியம்மா. அதுவே சட்டமாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அட்டையை நன்றாகப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அந்த அம்மாள் பூட்ஸ் போட்டிருந்தாள். முட்டி வரைக்கும் கருப்பு பூட்ஸ். குதிகாலில் முள் வேறு. பெருமுக்கல் மலை ஏறிக் கும்பிட்டிருக்கிறேன், இரும்பைக் கோயிலுக்கும் போயிருக்கிறேன். எந்தச் சாமியும் பூட்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல் மூடிக்கொண்டேன். நான் நம்புகிறேனா என்பது இந்த ஆட்டத்தில் செல்லாது. அவர்கள் ஐந்து பேரும் நம்புகிறார்களா என்பதுதான் செல்லும். ஆத்தாவை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து சூறாவளியாக வைத்தால், எல்லார் கொட்டையும் போகும், என் கொட்டை போகாது. முதல் வரிசை எனக்கு.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் நின்றேன். ஆத்தா அட்டை வைத்திருக்கிற பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்றாவது படிக்கிற பொட்டைப் பிள்ளை. ஜடையில் ஒரு ரிப்பன்தான் இருந்தது.

"ஆயா, இது வேஸ்ட் கார்டு. எங்க கிளாஸ்ல யாருமே வச்சிக்கல" என்றது.

"அப்ப சும்மா குடு."

அது என் முகத்தைப் பார்த்தது. அட்டையைப் பார்த்தது. அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"நேத்து இன்னொரு அம்மாவும் வந்து கேட்டாங்க. ஏன் ஆயா எல்லாருக்கும் இது வேணும்?"

"சும்மாத்தான். படம் நல்லாருக்குது."

"ரெண்டு மலைமுழுங்கி குடுங்க. அப்பால எங்க வீட்டுக்கு ஒரு பை நெத்திலிக் கருவாடு."

"உங்க கிளாஸ்ல மலைமுழுங்கிக்கு இன்னமும் மவுசா?"

"எங்க கிளாஸ்ல ரெண்டு ரெண்டு பேராத்தான் ஆயா ஆடுவோம். ரெண்டு பேருன்னா மலைமுழுங்கிதான் ஜெயிக்கும்."

அந்தப் பிள்ளை கலெக்டராக வரும். கேட்டதைக் கொடுத்துவிட்டு அட்டையை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மஞ்சளைக் குழைத்து, பூட்ஸ் தெரியாதபடிக்குக் கால் பக்கம் அப்பினேன். நெற்றியில் குங்குமமும் வைத்தேன். பொய்யாகச் செய்தாலும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மார்கழிக் கடைசியில் மழை விட்டு, தண்ணீர் வற்றி, பாத்தித் தரையை மிதித்து இறுக்குகிற வேலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி ஆட்டம். மேஸ்திரியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார், பானையை மடியில் வைத்துக்கொண்டு.

முதல் சில சுற்று அடி வாங்கிவிட்டு, நான் ஆத்தாவை எடுத்து முன்னால் வைத்தேன். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்ததும் என்னை அடிக்க எடுத்த அட்டையை ஆளாளுக்குத் திரும்பக் கட்டில் சொருகினார்கள். இன்னும் இரண்டு பேரிடமும் ஆத்தா இருந்தாள். ஆனால் அவர்கள் பயந்துகொண்டு, அவளைக் கட்டுக்கு நடுவில் பத்திரமாக வைத்துவிட்டார்கள், எடுக்கவே இல்லை. சாமியை வேலைக்கு விட என் ஒருத்திக்குத்தான் துணிச்சல். நான் ஒவ்வொரு சூறாவளியாக இறக்கினேன். மேஸ்திரி கொழுந்தியாள் முதலில் எழுந்தாள். பிறகு படித்தவள், மாதா கோயில் தெருக்காரி, இன்னொருத்தி. ஆத்தாவை வைப்பதற்கு முன்னால் நான் வாங்கிய அடிகளில் எனக்கும் ஒரே கொட்டைதான் மீதி. சம்பந்தியம்மாவுக்கும் ஒரே கொட்டை. அவள் முறை முடிந்தால் என் முறை. என் கையில் இன்னும் ஒரு சூறாவளி இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அவள் கையில் எதுவுமே இல்லை என்று நினைத்தேன். யாருக்கும் வேண்டாத தவளை ஒன்று இருந்தது. எண் நான்கு.

"அடிக்கறீங்களா சம்பந்திம்மா, இல்ல விட்டுடறீங்களா?" என்றேன், ரொம்ப மரியாதையாக.

"இருங்க, இன்னாத்துக்கு அவசரம்?"

எழுந்து போய்ச் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சூடக் கட்டி எடுத்தாள். முன்கூட்டியே கொண்டுவந்திருக்கிறாள்! தீப்பெட்டி கேட்டாள். மேஸ்திரி கொடுத்தார். அட்டைக்கு முன்னால் தரையில் சூடம் கொளுத்தினாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"தாயே, மன்னிச்சுக்கோ. நான் ஒன்ன அடிக்கல. ஒன் பின்னால ஒளிஞ்சிக்கினு கீறாங்களே எங்க சம்பந்தி, அவங்களத்தான் அடிக்கறேன்."

தவளையை வைத்தாள்.

கொட்டகைக்குள் எழுந்த சிரிப்பில் கீற்றே ஆடியிருக்கும். நான் விடவில்லை.

"சாமிய அடிக்கறது பாவங்க. நீங்க சொன்ன சட்டந்தானே அது?"

"காத்து ஒதுங்கும்னுதான் சொன்னேன். தவள ஒதுங்கும்னு சொல்லலியே."

மேஸ்திரி, "யக்கா, மூணவிட நாலு பெருசு" என்றார். அவருக்கு அன்றைக்குத்தான் நியாயம் தெரிந்தது. என் கடைசிக் கொட்டை போய்விட்டது.

டீ வாங்கி வந்தேன். அதற்குள் மற்றவர்கள் ஆசைக்கு இன்னொரு ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஆத்தாவைத்தான் அடித்தார்கள், தவளையால், நத்தையால், கைக்குக் கிடைத்ததால். முந்தின நாள் வரைக்கும் தொடப் பயந்த கை. ஒருத்தி துணிந்துவிட்டால் போதும் போலிருக்கிறது. ஒரு பை கருவாட்டுக்கு நான் வாங்கிய அட்டை ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் குப்பையாகிவிட்டது.

மிச்சத்துக்குச் சிப்பி எடுத்தோம். எனக்கு ஆறு கோடு.

தை கடைசியில் உப்பு வாரத் தொடங்கினோம். முதல் நாள் எட்டு நடை நடந்தேன். ஒன்பதாவது நடையில் நான்காவது வரப்பில் கூடையோடு நின்றுவிட்டேன். முட்டி பூட்டிக்கொண்டது. குனியவும் முடியவில்லை, கூடையை இறக்கவும் முடியவில்லை. வானம் பார்க்கிற மாதிரி கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா மேட்டிலிருந்து பார்த்துவிட்டாள். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சம்பந்திம்மா, வரிசைய மாத்திக்கலாங்களா?"

"எனக்கு யாரும் பிச்ச போட வேணாங்க."

"பிச்சன்னு யாரு சொன்னா? மாத்திக்கலாம்னேன். நீங்களும் ஒண்ணு குடுங்க."

"இன்னா இருக்குது எங்கிட்ட? அட்டதான் இருக்குது."

"அட்டய வச்சு அடுப்பு பத்தவைங்க. எட்டு வருசமா எங்கூட்ல சாப்புட்றீங்க. கல்யாணத்துலருந்து. என் மீன் கொழம்ப நல்லாருக்குதுன்னு ஒரு நாளு சொல்லிருக்கீங்களா? சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கறா மாதிரி."

உண்மைதான். சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன் என்று இருந்தேன். என் மகள் போன இடத்தில் என் சமையலை மறந்துவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. நான் முட்டியைப் பார்த்தேன். தூரத்தில் ஆறாவது வரிசையைப் பார்த்தேன். வெயிலில் அது பாண்டிச்சேரி வரைக்கும் போகிற மாதிரி தெரிந்தது.

அவள் தூக்குவாளியைத் திறந்து என் சோற்றில் குழம்பை ஊற்றினாள். சாப்பிட்டேன்.

"பரவால்லீங்க" என்றேன்.

"அதுக்கு ஒரு வரப்புதாங்க வரும்."

மற்ற நாலு பேரும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வாயில் சோறு, மெல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்குது."

"மூணாவது வரப்பு. இன்னும் நடக்கணும்."

"பெரிம்மா, சொல்லிடுங்க பெரிம்மா. உங்க முட்டியே கெஞ்சுது" என்றாள் படித்தவள்.

"நீ சும்மா இருடி."

இன்னொரு வாய் சாப்பிட்டேன். நிதானமாக மென்றேன். அவசரப்பட்டு எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. பிறகு சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கழுவெளி ஏரியில் கிடக்கிற கொக்குக்கும் கேட்கிற மாதிரி: "என் கொழம்பவிட இது நல்லாருக்குது. போதுங்களா?"

சம்பந்தியம்மா தூக்குவாளியை மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வேர்வை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பிறகு தன் கூடையை எடுத்துத் தலையில் சும்மாட்டைச் சரி செய்துகொண்டு, இடது காலை இழுத்து இழுத்து ஆறாவது வரிசைப் பக்கம் நடந்தாள். மூன்றாவது வரப்பு வரைக்கும் போயிருப்பாள்.

"எங்க போறீங்க? உங்க முட்டி மட்டும் இரும்பா?" என்று கத்தினேன். "இங்க வாங்க. மொத வரிசைய நாம ரெண்டு பேரா வாருவோம். அந்த ஆறாவது வரிசைய மேஸ்திரி கொழுந்தியாளும் நாமளும் மாத்தி மாத்தி வாருவோம். அவ மூணு வருசம் குந்திக்கினே தின்னவதானே."

கொழுந்தியாள், "நான் இன்னா பண்ணேன்?" என்று எகிறினாள். யாரும் காதில் வாங்கவில்லை. சம்பந்தியம்மா வரப்பிலேயே நின்று திரும்பினாள்.

"அப்ப நாளைக்கும் கொழம்ப நல்லாருக்குதுன்னு சொல்லணும்" என்றாள்.

"நாளைக்கு இன்னா மீனு?"

"சங்கரா."

"மொதல்ல ஊத்துங்க. அப்பால பாக்கலாம்."